சாட்ஸ்வர்த்தில் நான்கு பூனைக்குட்டிகள்: தெள்ளுப்பூச்சி நீக்கம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வர்த்தில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுப் பின்கட்டில் பிறந்த நான்கு பூனைக்குட்டிகளுக்கும் அவற்றின் தாய்க்கும் ஏற்பட்டிருந்த கடுமையான தெள்ளுப்பூச்சித் தொல்லையும் அது நீக்கப்பட்ட விதமும் இங்கே பதிவு செய்யப்படுகின்றன. குடும்பத்தாரின் அடையாளம் தவிர்க்கப்பட்டுள்ளது. கைவிடப்பட்ட குட்டிகளை வளர்த்துக் கொடுக்கும் தன்னார்வலர் என்ற முறையில் நான் இதில் பங்கேற்றேன். மருந்து தொடர்பான முடிவுகள் அனைத்தும் கால்நடை மருத்துவருடையவை. இந்நிகழ்வை எழுதத் தூண்டியது ஒரே செய்தி: குட்டிகளின் உடலில் பூச்சிமருந்து ஒரு துளியும் படாமலேயே பெரும்பகுதி வேலை முடிந்தது. மருந்து சென்று சேர்ந்த இடங்கள் தாயின் கழுத்தும் வீட்டின் தரையுமே.

பின்புலம்

இன ஒதுக்கல் ஆட்சியின் பகுதிவாரிக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் 1960களில் இந்தியர்களுக்கென்று கட்டப்பட்ட பகுதி சாட்ஸ்வர்த். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள், சரிவில் அடுக்கடுக்காக அமைந்த முற்றங்கள், பின்புறத்தில் பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய அவுட்பில்டிங் என்னும் துணைக் கட்டடம் ஆகியவை அங்கே வழக்கமான அமைப்பு. ஒரு வீட்டுப் பூனையும் அடுத்த வீட்டு நாயும் ஒரே புல்தரையில் படுத்துறங்கும் இந்த நெருக்கம் தெள்ளுப்பூச்சிக்கு மிகவும் வசதியானது. டர்பனின் கோடைக்காலமோ அதற்கு இன்னும் வசதியானது. பூனைகளிடமும் நாய்களிடமும் பெரும்பாலும் காணப்படும் ‘டெனோசெஃபலைடிஸ் ஃபெலிஸ்’ என்னும் பூச்சியின் முட்டையும் புழுவும் 20 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் மிகுந்த ஈரப்பதத்திலும் விரைந்து வளரும். இந்நிகழ்வு சனவரி மாதத்தில், அதாவது ஊரே வியர்த்துக்கொண்டிருந்த காலத்தில் நேர்ந்தது.

தாய்ப்பூனை தெருவிலிருந்து வந்து சேர்ந்தது. அவுட்பில்டிங்கில் சுருட்டி வைத்திருந்த ஒரு பழைய கம்பளத்தின் பின்னே அது குட்டி போட்டிருந்தது. வீட்டிலிருந்த சிறுவர்களின் கணுக்காலில் செந்தடிப்புகள் தோன்றிய பிறகுதான் பெரியவர்கள் குட்டிகளைத் தூக்கிப் பார்த்தார்கள். பூச்சிக் கடியால் முதலில் புலம்புவது மனிதர்களே. குட்டிகள் சத்தமின்றிச் சோர்ந்துபோகும்.

முதல் பரிசோதனை

வெட்டுப்பற்களும் கோரைப்பற்களும் முளைத்து, கடைவாய்ப் பற்கள் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்ததால் குட்டிகளின் வயது ஏறத்தாழ ஐந்து வாரம் என்று கணிக்கப்பட்டது. சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து எடை பார்த்தபோது மூன்று குட்டிகள் 430 முதல் 490 கிராம் வரை இருந்தன. நான்காவது 340 கிராம் மட்டுமே இருந்தது. வால் அடியிலும் கழுத்தைச் சுற்றியும் மயிரை விலக்கினால் பழுப்பு நிறப் பூச்சிகள் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. மிளகுத்தூள் போன்ற கருந்துகள்கள் தோலெங்கும் ஒட்டியிருந்தன. அவற்றுள் சிலவற்றை நனைத்த வெள்ளைத்தாளில் வைத்தபோது செம்பழுப்பாகக் கரைந்து பரவின. மண்துகள் அவ்வாறு கரையாது. செரித்த இரத்தமாகிய பூச்சியின் கழிவுதான் கரையும். ஐயம் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

சிறிய குட்டியின் ஈறுகள் ஏறக்குறைய வெண்மையாக இருந்தன. அது பால் குடிக்கத் தொடங்கிச் சற்று நேரத்திலேயே களைத்து உறங்கியது. கால்நடை மருத்துவமனையில் எடுத்த சோதனையில் அதன் இரத்தத்தில் செவ்வணுக்களின் பங்கு 17 சதவீதம் என்று தெரிந்தது. இவ்வயதுக் குட்டிகளுக்கு இயல்பாகவே அது சற்றுக் குறைந்து 27 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்றாலும், 17 என்பது கவலைக்குரிய அளவு.

இதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது பயன் தரும். பெண் தெள்ளுப்பூச்சி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 13.6 மைக்ரோலிட்டர் இரத்தம் குடிக்கும். தன் உடல் எடையைப்போல் பதினைந்து மடங்கு அது. அப்படியானால் எழுபத்திரண்டு பெண் பூச்சிகள் சேர்ந்தால் ஒரு நாளில் ஒரு மில்லிலிட்டர் குறையும். வளர்ந்த பூனைக்கு இது பொருட்டன்று. 340 கிராம் குட்டியின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமோ இருபது மில்லிலிட்டருக்குச் சற்று மேல்தான். தாய்ப்பாலில் இரும்புச்சத்தும் குறைவு. எனவே நாள்தோறும் இருபதில் ஒரு பங்கை இழந்துகொண்டே அதே வேகத்தில் புதிய இரத்தத்தை உண்டாக்க அந்த உடலால் இயலாது. ‘வெறும் பூச்சிக்கடிதானே’ என்று ஒதுக்கப்படும் குட்டிகள் இறப்பது இவ்வழியாகவே.

ஏற்கெனவே கையாளப்பட்ட வழிகள்

நாங்கள் வருவதற்கு முன் குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. அவர்கள் செய்தவையும் செய்யவிருந்தவையும் நம் வீடுகள் பலவற்றில் வழக்கமாக நடப்பவை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டு ஆயா சிரிங்கா இலையை அரைத்துக் குட்டிகளின் முதுகில் பூசியிருந்தார். வேப்பமரம் எளிதில் கிடைக்காத இந்நாட்டில், அம்மை கண்ட வீட்டிலும் மாரியம்மன் பூசையிலும் வேப்பிலைக்கு ஈடாகச் சிரிங்காவைப் பயன்படுத்துவது தமிழர் குடும்பங்களுக்குப் பழகிய ஒன்று. “வேப்பிலைக்குப் போகாத பூச்சி உண்டா கண்ணு?” என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை, வேம்பின் எண்ணெய்க்குப் பூச்சிகளை விரட்டும் குணம் உண்டு. ஆனால் சிரிங்கா வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்ததேயன்றி வேம்பு அன்று. அதன் நச்சு பெரும்பாலும் கனிகளில் செறிந்திருந்தாலும் மரத்தின் மற்றப் பகுதிகளும் உட்கொள்ளத் தகுந்தவை அல்ல. உண்மையான வேப்பெண்ணெயே ஆனாலும் பூனைக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. பூனையின் தோலில் பூசப்படும் எதுவும் தோலோடு நின்றுவிடுவதில்லை என்பதே இங்கு நினைவில் கொள்ள வேண்டியது. தாய் குட்டியை நக்குகிறது. குட்டி தன்னைத்தானே நக்குகிறது. பூசியது சில நிமிடங்களில் வயிற்றுக்குள் போய்விடுகிறது. “ஆயா, குட்டியின் முதுகில் பூசுவதைத் தாயின் சோற்றில் கலந்து கொடுப்பீர்களா?” என்று கேட்டபோது அவர் உடனே வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டார்.

பூச்சி அண்டாதிருக்கத் தாயின் உணவில் பூண்டு சேர்க்கும் யோசனையும் அங்கே இருந்தது. இது இரட்டைத் தீங்கு. வெங்காயமும் பூண்டும் பூனையின் செவ்வணுக்களைச் சிதைப்பவை. இரத்தம் குறைந்துகொண்டிருக்கும் பூனைக்குடும்பத்துக்கு, இரத்தத்தை மேலும் குறைக்கும் உணவைக் கொடுப்பதாக அது முடியும். கறிக்குழம்பு பிசைந்த சோற்றைப் பூனைக்கு வைக்கும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காகக் கைவிடச் சொன்னோம்.

கிருமிநாசினி கலந்த நீரில் குளிப்பாட்டுவது அடுத்த வழி. புண்ணுக்கு இடும் பழுப்புநிற மருந்துநீரும், தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுக்கும் கரிய கழிப்பறைக் கிருமிநாசினியும் ஃபீனால் வகையைச் சேர்ந்தவை. இவ்வகைச் சேர்மங்களைக் கல்லீரலில் குளூக்குரோனைடாக மாற்றி வெளியேற்றும் திறன் பூனைக்கு மிகக் குறைவு. நாயைக் குளிப்பாட்டிப் பழகிய கை பூனையிடமும் அதையே செய்தால், ஒன்றுக்குக் குளியலானது மற்றொன்றுக்கு நஞ்சாகிறது. கற்பூரம் கலந்த எண்ணெய்க்கும் தேயிலைமர எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து கொடுத்த, நாயின் கழுத்தில் விடும் சொட்டுமருந்து. “பெரிய நாய்க்கு முழுக் குழாய், குட்டிப் பூனைக்கு ஒரே ஒரு சொட்டு போதும்” என்று அவர் சொல்லியிருந்தார். நாய்களுக்கான இவ்வகை மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி 45 முதல் 65 சதவீதம் வரை செறிந்திருக்கும். பூனையின் கல்லீரலால் அதையும் போதிய அளவு முறிக்க இயலாது. சில மணி நேரத்திலேயே தசைத் துடிப்பு, நடுக்கம், வலிப்பு என்று முற்றி உயிர் போகக்கூடும். இதற்கு முறிமருந்து கிடையாது. தவறுதலாகப் பட்டுவிட்டால், வலிப்பு தொடங்காத நிலையில் வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பிலும் உடனே கழுவி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே நடுக்கத்தை அடக்கும் மருந்துகள்தான் சிகிச்சை. சொட்டின் அளவைக் குறைத்தால் மருந்து பாதுகாப்பாகிவிடும் என்ற எண்ணம் இங்கே அடியோடு தவறு. கால்நடைக்கான அமிட்ராஸ் உண்ணிமருந்தைக் கலந்து தெளிப்பதும் பூனைக்கு ஆகாது.

டாக்ஸி ரேங்க் எனப்படும் வாடகைச் சிற்றுந்து நிலையத்தின் அருகே விற்கப்படும், பெயர்ச்சீட்டு இல்லாத புட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். 2024 அக்டோபரில் சோவேட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்ததற்கு டெர்புஃபோஸ் என்னும் வேளாண் பூச்சிக்கொல்லியே காரணம் என்று கண்டறியப்பட்டது. அத்தகைய புட்டி ஒன்று இவ்வீட்டிலும் கரப்பானுக்கென்று வாங்கி வைக்கப்பட்டிருந்தது. பூனைக்கு முன்பாக, அந்த வீட்டுச் சிறுவர்களுக்காகவே அதை அகற்றச் சொன்னோம். தென்னாப்பிரிக்காவில் முறையாகப் பதிவு செய்யப்பட்ட கால்நடைப் பூச்சிமருந்தின் மேலுறையில் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தின்படி ‘ஜி’ எழுத்தோடு தொடங்கும் பதிவெண் அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் பதிவெண் இருப்பதாலேயே அது பூனைக்கு உகந்தது என்று ஆகிவிடாது. எந்த விலங்குக்கு, எந்த வயதுக்கு, எந்த எடைக்கு என்பதையும் படித்தாக வேண்டும்.

குட்டிகளுக்குச் செய்யப்பட்டது

ஐந்து வாரக் குட்டிக்கு மருந்தே இல்லையா என்று மருமகள் கேட்டார். இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசற்படி உண்டு. நிட்டென்பிரம் மாத்திரை அரைமணி நேரத்தில் பூச்சிகளை உதிர்க்கத் தொடங்கும். அதற்கு நான்கு வார வயதோடு ஏறத்தாழ ஒரு கிலோ எடையும் வேண்டும். செலமெக்டின் சொட்டுமருந்துக்குப் பல நாடுகளில் ஆறு வாரம், சிலவற்றில் எட்டு வாரம். ஃபிப்ரோனில் தெளிப்பு மருந்தைப் பிறந்து இரண்டு நாள் ஆன குட்டிக்கும் பயன்படுத்தலாம் என்ற அனுமதி உண்டு என்றாலும், அதன் கரைப்பான் ஆல்கஹால் ஆகையால் நனைந்த குட்டி விரைவில் குளிர்ந்துபோகும். சோர்ந்த 340 கிராம் குட்டிக்கு அந்தக் குளிரே எமனாகலாம் என்று மருத்துவர் அதை ஒதுக்கினார். வயதைக் காட்டிலும் எடையே இங்கே பெரிய அளவுகோல். தெருவில் பிறந்த குட்டிகள் வயதுக்கேற்ற எடையை எட்டியிருப்பது அரிது.

ஆகவே எஞ்சியவை பேன்சீப்பும் சோப்புநீரும். இவற்றை ஏளனமாக நினைப்பவர்கள் உண்டு. இந்த வயதில் இவற்றைவிடத் திறமான கருவி இல்லை என்பது என் துணிபு.

சிறிய குட்டியைக் குளிப்பாட்டவே இல்லை. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அதன்மேல் கிடத்தி, நெருக்கமான பற்களுடைய பேன்சீப்பால் சிறிது சிறிதாக வாரினோம். சீப்பில் அகப்பட்ட பூச்சியைப் பக்கத்தில் இருந்த சோப்புநீர்க் கிண்ணத்தில் உடனே அமிழ்த்த வேண்டும். வெறும் நீரில் போட்டால் நீர்ப்பரப்பின் மேல் மிதந்து தப்பிவிடும். சோப்பு அந்தப் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் மூழ்கும். நகத்தால் நசுக்குவது வேண்டாம். பூச்சியின் கழிவில் பூனைப் பிறாண்டல் காய்ச்சலுக்குக் காரணமான பார்ட்டொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும்.

மற்ற மூன்றும் ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டப்பட்டன. சன்னல்களை அடைத்து, துண்டுகளை முன்கூட்டியே சூடாக்கி வைத்துக்கொண்டோம். நீர் ஏறக்குறைய 38 பாகை. முழங்கையை வைத்துப் பார்த்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாகச் சோப்பு நுரையை இட வேண்டும். உடல் நனைந்ததும் பூச்சிகள் மேட்டை நோக்கி, அதாவது முகத்தையும் காதையும் நோக்கி, ஓடும். நுரை வளையம் அவற்றை மறித்துவிடும். மணமோ மருந்தோ சேராத மென்மையான பாத்திர சோப்பில் சில துளிகள் போதும். தலையை நனைக்காமல், முகத்துப் பூச்சிகளைச் சீப்பாலும் ஈரப் பஞ்சாலும் எடுத்தோம். ஐந்து நிமிடத்துக்குள் குளியலை முடித்து, நன்றாக அலசி, துண்டால் ஒற்றி, மிகக் குறைந்த சூட்டில் தொலைவில் பிடித்த முடி உலர்த்தியால் அடிமயிர் வரை உலர்த்திய பிறகே பால் குடிக்க விட்டோம். குளிர்ந்த உடலுக்குப் பால் செரிக்காது. குளியல் அன்று ஒருமுறைதான். அதன்பின் காலையும் மாலையும் வாருவது மட்டுமே. நாள்தோறும் குளிப்பாட்டுவது பூச்சியைவிடக் கெடுதி.

இரத்தம் ஏற்றுவது பற்றியும் பேசப்பட்டது. பூனைகளுக்கு, பிற இரத்த வகைக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பிறவியை ஒட்டியே அமைந்துவிடுவதால், முதல் முறை ஏற்றும்போதும் வகை பார்த்தே தீர வேண்டும். குட்டி சூடு திரும்பியதும் தானே பால் குடித்ததால், இரும்புச்சத்து ஊசியோடு கண்காணிக்க மருத்துவர் முடிவு செய்தார். அவ்விரவில் மூச்சு வேகமானாலோ குடிப்பதை நிறுத்தினாலோ உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை.

தாயும் தரையும்

குட்டிகளிடமிருந்து எத்தனை பூச்சிகளை வாரினாலும் தாயிடமிருந்து அன்றே மீண்டும் ஏறிவிடும். தாயின் எடை 2.8 கிலோ. பாலூட்டும் பூனைக்கும் பாதுகாப்பானது என்பதால் செலமெக்டின் தேர்ந்தெடுக்கப்பட்டது, 2.6 முதல் 7.5 கிலோ வரையான பூனைக்குரிய 45 மில்லிகிராம் குழாய், நாக்கு எட்டாத பிடரியில், மயிரை விலக்கித் தோலில் விடப்பட்டது. அது உலரும்வரை குட்டிகளைச் சூடான பெட்டியில் தனியே வைத்திருந்தோம். சினையாக இருக்கும்போதும் பாலூட்டும்போதும் தாய்க்கு இம்மருந்தைக் கொடுத்துவந்தால் ஏழு வார வயதுவரை குட்டிகளையும் பூச்சி அண்டாமல் காக்கலாம். இதை அறிந்தோர் குறைவு. குட்டியின் முதுகில் எதையாவது பூசத் துடிக்கும் கைகளைத் தாயின் பக்கம் திருப்புவதற்கு இந்த ஓர் உண்மையே போதும்.

அடுத்தது வீடு. கண்ணுக்குத் தெரியும் பூச்சிகள் மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்து சதவீதமே. மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில் இருக்கின்றன. பெண் பூச்சி நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முட்டை வரை இடும். முட்டை வழுவழுப்பானது, மயிரில் ஒட்டாமல் பூனை படுக்கும் இடமெல்லாம் உதிரும். புழு வெளிச்சத்துக்கு அஞ்சிக் கம்பளத்தின் அடிக்குப் போய், மேலிருந்து விழும் பூச்சிக் கழிவைத் தின்று வளரும். அந்தச் சுருட்டிய கம்பளம் முழுவதும் இத்தகைய நாற்றங்காலாகவே இருந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம். துணிகள் 60 பாகை நீரில் துவைக்கப்பட்டன. அவுட்பில்டிங்கையும் வீட்டின் அறைகளையும் வாக்யூம் கிளீனரால் நாள்தோறும் இழுத்து, பையை வெளியே கட்டி எறிந்தார்கள்.

வளர்ச்சியைத் தடுக்கும் பைரிப்ராக்ஸிஃபென் கலந்த தெளிப்பான் ஒருமுறை பயன்படுத்தப்பட்டது. அதில் பெர்மெத்ரினின் இனமான பைரெத்ராய்டும் இருந்ததால், பூனைகள் அனைத்தும் வேறிடத்தில் வைக்கப்பட்டு, தரை முற்றிலும் உலர்ந்து காற்றோட்டம் முடிந்த பிறகே திரும்பின. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் அதை மூடி, காற்று செலுத்தும் கருவியையும் நிறுத்திவைக்க வேண்டும். மீனுக்கு அது கொடிய நஞ்சு. தெளிப்பதற்கு முன் பூசை மாடத்து விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அடைத்த வீட்டில் தீச்சுடர் எரியும்போது இத்தகைய புட்டியைத் திறப்பது வேறு விபத்துக்கு வழி.

பக்கத்து வீட்டு நாயையும் சேர்க்காமல் இது முடிந்திருக்காது. அந்நாயின் மேல் பெர்மெத்ரின் இருந்தால் அதனோடு உரசிப் படுக்கும் பூனைக்கும் ஆபத்து. ஆகவே அவர் தம் மருத்துவரிடம் கேட்டு, வாய்வழியாகக் கொடுக்கும் ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைக்கு மாறிக்கொண்டார்.

பின்தொடர்வு

முதல் வாரத்திலேயே சீப்பில் வரும் பூச்சிகள் மிகவும் குறைந்தன. மூன்றாம் வாரத்தில் திடீரென்று தரையில் புதிய பூச்சிகள் துள்ளின. மருந்து போலி என்று வீட்டார் ஐயுற்றார்கள். அது எதிர்பார்த்ததே. பட்டு நூலால் பின்னிய கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை எந்தத் தெளிப்பானும் எளிதில் எட்டாது. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் அது காத்திருந்து, அதிர்வையும் உடல் வெப்பத்தையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்ததும் வெளிவரும். வாக்யூம் கிளீனரின் அதிர்வே பலவற்றை எழுப்பிவிட்டிருக்கும். வெளிவந்தவை மருந்திட்ட தாயின் மேல் ஏறி மடிந்தன. இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து இரண்டாவது மருந்தை அதன்மேல் சேர்ப்பவர்களால்தான் பல பூனைகள் நஞ்சுக்கு ஆளாகின்றன.

பெரிய குட்டி ஒன்றின் மலவாயருகே அரிசிமணி போன்ற துண்டுகள் காணப்பட்டன. பூச்சியை விழுங்குவதால் வரும் நாடாப்புழு அது. ஆறு வாரம் கடந்திருந்ததால் எடைக்கேற்ற பிராசிகுவாண்டல் கொடுக்கப்பட்டது. சிறிய குட்டியின் ஈறு மெல்ல இளஞ்சிவப்பானது. எடை நாளொன்றுக்குப் பத்துக் கிராமுக்கு மேல் ஏறத் தொடங்கியது. மறு சோதனையில் செவ்வணுப் பங்கு 25 சதவீதத்தை எட்டியிருந்தது. எட்டு வாரம் முடிந்த பிறகே நான்கு குட்டிகளுக்கும், அன்றன்று எடை பார்த்து, முதல் செலமெக்டின் அளவு இடப்பட்டது. பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்யப்பட்டது.

டர்பனின் குளிர்காலம் பூச்சியை ஒழிக்கும் அளவுக்குக் கடுமையானதன்று. வீட்டுக்குள் அதன் வாழ்க்கைச் சுழற்சி சூன், சூலையிலும் நிற்பதில்லை. ஆகவே தாய்க்கும் குட்டிகளுக்கும் மாதம் ஒருமுறை சொட்டுமருந்து ஆண்டு முழுவதும் தொடர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப்பட்டது. அவுட்பில்டிங்கின் கதவடியில் இருந்த இடைவெளியையும் பலகை வைத்து அடைத்தார்கள். ஏனெனில் மருந்திடப்படாத ஒரு கடுவன் பூனை இரவில் அவ்வழியாக இன்னும் வந்து போய்க்கொண்டிருந்தது.